இன்பன்ட் - முனி சண்டைக்குச் சில நிபந்தனைகள்

ஜனவரி 7, ஞாயிறு

தென்னிந்தியாவின் மிகப் பெரிய குத்துச்சண்டை இந்த வருஷம் நடக்கப்போகிறது. அதை நடத்தி வைக்கப்போகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் திருடர், ஒருவர் கிழவர், மூன்றாவது ஆள் நான். பின்னாடி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள் என்பதால் உண்மையை நானே எழுதி வைத்துவிடலாம் என்று பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

சண்டை போடப்போவது என் தம்பி. பெயர் இன்பன்ட் ராஜ். அம்மாவுக்குக் குழந்தை இயேசு மேல் அவ்வளவு பக்தி. குழந்தை இப்போது நூற்றுப் பத்து கிலோ. டெல்லியில் ஒரு தடவை மைக்கில் பெயரைப் படித்தவன் சிரித்துவிட்டான். தம்பி அவனைப் பார்த்த பார்வையில் மறுபடி ஒழுங்காகப் படித்தான். தென்னிந்திய ஹெவிவெயிட் சாம்பியன். மூன்று வருஷமாக அந்த பெல்ட் எங்கள் வீட்டு பீரோவில், என் பட்டுப்புடவைகளுக்கு மேலே இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், வியாசர்பாடி முனிரத்தினமும் தென்னிந்திய ஹெவிவெயிட் சாம்பியன்தான். குத்துச்சண்டைச் சங்கத்தில் யார் தலைவர் என்று தகராறு வந்து, கூட்டத்தில் நாற்காலி பறந்து, சங்கம் இரண்டாகிவிட்டது. ஆளுக்கொரு பெல்ட் செய்து ஆளுக்கொரு சாம்பியனின் இடுப்பில் கட்டிவிட்டார்கள். இரண்டு பேரும் இதுவரை ஒரே மேடையில் ஏறியதில்லை. ஏறினால் பட்டணமே வந்து நிற்கும்.

நான் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். தம்பிக்கு மேனேஜரும் நானே. முந்தைய மேனேஜர் துபாய்க்கு ஒரு போட்டி பேசிவிட்டு வருகிறேன் என்று போனார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் மாசத்துக்குள் இந்தச் சண்டை நடந்தாக வேண்டும். யார் தடுத்தாலும் விடமாட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

முதல் பேச்சுவார்த்தை. அண்ணா நகரில் ஒரு ஹோட்டல். போட்டியை நடத்துகிறவர் ரூஸ்வெல்ட். தாம்பரத்துக்கு அப்பால் வீட்டு மனை விற்கிறவர். இல்லாத பூங்காவைக் காட்டி மனை விற்கிற ஆளுக்கு இல்லாத சண்டையை விற்பதா கஷ்டம்?

முனி தரப்பில் அவனுடைய மாமனார் வேதாசலம் வந்திருந்தார். பழைய பாக்ஸர். மூக்கு ஒரு பக்கம் போகும், பேச்சு இன்னொரு பக்கம் போகும்.

மூன்று மணி நேரம் பேசினோம். காசைப் பற்றி இல்லை. அது பாதிப்பாதி என்று காபி வருவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. தகராறு, மேடைக்கு யார் கடைசியாக நடந்து வருவது என்பதில். சாம்பியன்தான் கடைசியாக வருவான். இங்கே இரண்டு பேரும் சாம்பியன்.

“எங்க ஆளுதான் கடைசி,” என்றேன்.

“எங்க புள்ள நின்னுக்கினு உங்க தம்பிய வேடிக்க பாக்கணுமா? இன்னாம்மா நாயம் இது?” என்றார் வேதாசலம்.

ரூஸ்வெல்ட் குறுக்கே வந்தார். “ரெண்டு கதவு வெச்சிடலாம் மேடம். ஒரே நேரத்துல ரெண்டு பேரும் வரட்டும்.”

வேதாசலம் கொஞ்சம் யோசித்தார். “எந்தக் கதவு பெரிசு?”

கூட்டம் அதோடு முடிந்தது. போண்டா நன்றாக இருந்தது.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு இரண்டாவது பேச்சுவார்த்தைக்குப் போனேன். போஸ்டரில் யார் பெயர் முதலில் என்ற பிரச்சினை. பெயர்களை வட்டமாகப் போட்டுவிடலாம் என்றார் ரூஸ்வெல்ட். வட்டத்துக்கும் மேல் பக்கம் ஒன்று உண்டு என்பதை வேதாசலம் கண்டுபிடித்துவிட்டார்.

பிறகு மறுபோட்டி. தோற்றவன் கேட்டால் ஜெயித்தவன் மறுபடியும் மோத வேண்டும் என்று இரண்டு தரப்புமே எழுதச் சொன்னோம். ஆளுக்கொன்று ஜெயித்தால் என்ன செய்வது என்று ரூஸ்வெல்ட் கேட்டார். முதல் சண்டைக்குத் தேதி கிடையாது. மூன்றாவது சண்டைக்கு மைதானம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்தால் இன்பன்ட் கேட்டான். “இன்னாக்கா, எப்போ?”

“பேசிக்கிட்டிருக்கோம்.”

“நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நான் பத்து ரவுண்டு போட்டுட்டு வந்திருப்பேன்.”

மார்ச் 3, ஞாயிறு

பழைய சங்கத்திலிருந்து, அதாவது எங்கள் சங்கத்திலிருந்து, புதுக் குண்டு. ஜக்மேந்தர் என்று அரியானாக்காரன் ஒருத்தன் இருக்கிறானாம். தமிழ்நாட்டு போலீஸில் சேர்ந்து இங்கேயே குடியேறிவிட்டதால் அவனும் தென்னிந்தியனாம். வரிசையில் அடுத்த ஆள் அவன்தான். அவனோடு முதலில் மோதாவிட்டால் பெல்ட்டைப் பிடுங்கிவிடுவார்களாம்.

பெல்ட் போனால் முனியோடு மோதுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? ஒத்துக்கொண்டேன். ஏப்ரலில், கோயம்புத்தூரில்.

முனி நம்மைப் பற்றி யூடியூபில் பேட்டி கொடுத்திருக்கிறான். ‘இன்பன்ட் பயப்படுகிறார்’ என்று தலைப்பு. முழுசாகப் பார்த்தேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. தலைப்பு போட்டவன்தான் சொல்லியிருக்கிறான். இருந்தாலும் பதில் பேட்டி கொடுத்துவிட்டோம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து பகல் ரயிலில் வந்துகொண்டிருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம், ஐஸுக்கு ஆளில்லை. லீவு தாராளமாகக் கிடைத்தது.

நேற்று ஜெயித்துவிட்டான். பத்து ரவுண்டும் போய், பாயிண்டில். ஜக்மேந்தர் சும்மா சொல்லக்கூடாது, மாடு மாதிரி இருந்தான். எட்டாவது ரவுண்டில் தம்பியின் காதுக்கு மேலே ஒன்று வைத்தான். ஹாலே ஒரு நிமிஷம் வாயை மூடியது. தம்பி விழவில்லை. மணி அடித்ததும் எங்கள் மூலைக்கு வர வேண்டியவன் நேராக அவர்கள் மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்காரப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த இரண்டு ரவுண்டிலும் பிரமாதமாக ஆடினான்.

ரயிலில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டான். ஈரோடு தாண்டினதும், “யக்கா, நேத்து ஜெயிச்சேனா?” என்றான்.

“ஜெயிச்சே.”

சேலத்தில் மறுபடி கேட்டான். கேலி பண்ணுகிறான். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இந்தப் பழக்கம். ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே என்னை வெறுப்பேற்றுவான்.

காட்பாடியில் கேட்டபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 6, திங்கள்

வாழைப்பழம் வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சீப்போடு வந்தான். வெயில் காலத்தில் யாருக்குத்தான் மண்டை வேலை செய்கிறது.

ரூஸ்வெல்ட் போன் பண்ணினார். ஜக்மேந்தரை ஜெயித்ததும் மவுசு கூடிவிட்டதாம். இரண்டு கதவுக்கும் ஒரே அளவு என்று வேதாசலம் ஒத்துக்கொண்டாராம். ஜூலை பதிமூன்று, நேரு ஸ்டேடியம் பக்கம் ஒரு அரங்கம், கையெழுத்துப் போட வருகிறீர்களா என்றார்.

எனக்குக் கதவு மட்டும் போதாது. ரிங் எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் இன்னும் நாலு அடி பெரிசாக வேண்டும் என்றேன்.

“மேடம், அந்த அளவுல ரிங்கே கிடையாது.”

“செஞ்சு வாங்குங்க.”

நமக்கென்ன அவசரம்.

ஜூன் 18, செவ்வாய்

தடைக்காலம் முடிந்தது. போட்டெல்லாம் போய்விட்டு வந்தன. ஆபீஸில் மூச்சு விட நேரமில்லை. அதற்கு நடுவில் ரூஸ்வெல்ட் ரிங் செய்து வாங்கிவிட்டார். மனுஷனுக்கு என்ன பிடிவாதம்.

இந்த மாதம் நான் வைத்த நிபந்தனைகள்: கையுறை நாம் சொல்லும் கம்பெனி. நடுவர்களில் ஒருவர் கூட வியாசர்பாடி, பெரம்பூர், எம்.கே.பி. நகர் பக்கம் பிறந்திருக்கக் கூடாது. நம் டிவிக்காரர்கள்தான் ஒளிபரப்ப வேண்டும். முனிக்கு வேறு டிவியோடு ஒப்பந்தம் என்பது எனக்கும் தெரியும். சண்டைக்கு முன்னாடி பாடல் போடக்கூடாது. போட்டால் நம் பாடல்.

ஜூலை தள்ளிப்போய் ஆகஸ்ட் ஆகிவிட்டது. வேதாசலம்தான் காரணம். டிவி விஷயத்தில் அவர் ஒத்துவரவில்லை. அந்தக் கிழவருக்கு இந்தச் சண்டை நடப்பதிலேயே இஷ்டமில்லை என்று நினைக்கிறேன்.

இன்பன்ட் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காலையில் காபி டம்ளர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. எண்ணெய்க் கை என்றான். துடைத்தேன். தரையில் எண்ணெய் இல்லை.

ஜூலை 11, வியாழன்

வேதாசலம் நேரடியாக எனக்கே போன் பண்ணினார். முதல் தடவை.

“ரூஸ்வெல்ட்டு ரெண்டு டிவிக்கும் ஒப்புக்க வெச்சிட்டான்மா. ஒரே சண்டைய ரெண்டு பேரும் காட்டப்போறாங்க.”

“அப்படியா. நல்லது.”

“எனுக்கு ஒரு சந்தேகம். இப்ப நான் சரின்னு சொல்லவா, மாட்டேன்னு சொல்லவா?”

“அத என்னாத்துக்கு என்னக் கேக்குறீங்க பெரியவரே?”

அவருக்குப் பின்னால் யாரோ குழாயடியில் சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

“கோயம்புத்தூர்ல ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தேன்மா,” என்றார். “உன் தம்பி மூல மாறிப் போனான் பாரு, அத்த எல்லாம் பாத்து சிரிச்சாங்க. நான் சிரிக்கல. நானும் ஒரு தபா அப்பிடிப் போயிருக்கேன். நீ இன்னா கேக்குறியோ கேளு. நான் மாட்டேன்னு சொல்லிக்கினே இருக்கேன். இஸ்துக்கினே போவலாம். ஆனா எம்மா நாளிக்கி?”

சிக்னல் சரியில்லை. கட் பண்ணிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

அரங்கத்தில் ஏ.சி. பதினெட்டில் வைக்க வேண்டும் என்று ரூஸ்வெல்ட்டுக்கு மெசேஜ் அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது: வேதாசலம் இருபத்து நாலுக்குக் கீழே முடியாது என்கிறாராம்.

கிழவர் அவ்வளவு மோசமில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மதியம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். எட்டிப் பார்த்தால் முனிரத்தினம். தனியாக. அவன் இறங்கியதும் ஸ்கூட்டர் ஓர் அடி உயர்ந்தது.

“அக்கா, இன்பன்ட் இருக்காரா?”

இன்பன்ட் மேலேயிருந்து லுங்கியோடு இறங்கி வந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஹால் பத்துக்குப் பத்து. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“சாப்ட்டியா?” என்றான் தம்பி.

“இல்ல.”

வஞ்சிரம் வறுத்திருந்தேன், நாலு பேருக்கு நாலு நாள் வருகிற மாதிரி. இரண்டு பேரும் அதை ஒரே மூச்சில் முடித்தார்கள். நடுவில்தான் பேச்சு.

“எங்க மாமா ஒண்ணு சொல்றாரு, உங்க அக்கா ஒண்ணு சொல்றாங்க,” என்றான் முனி. “நடுவுல நம்ம ரெண்டு பேருக்கும் வயசாவுது. எனுக்கு முப்பத்தி நாலு.”

“எனுக்கு முப்பத்தி மூணு.”

“கடசியா நீயே வா. எனுக்கு இன்னா? உள்ள வந்தப்புறம் ரெண்டு பேரும் நின்னுதான ஆவணும்.”

“போஸ்டர்ல உன் பேரே மொதல்ல இருக்கட்டும்.”

“ஏ.சி.?”

“ஃபேன் போதும்.”

“ரிங்கு பெருசா செஞ்சாங்களாமே?”

“பழசே போதும். இருக்கிற இடத்துலயே நம்ம ஓடி ஒளிய முடியாது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். ஏழு மாதம் மூன்று ஹோட்டல்களில் நாங்கள் முடிக்காததை ஒரு சாப்பாட்டில் முடித்துவிட்டார்கள். செப்டம்பர் இருபத்தொன்று, சனிக்கிழமை. முனி அங்கிருந்தே ரூஸ்வெல்ட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் சொன்னான். ரூஸ்வெல்ட் அழுதேவிட்டார் என்று நினைக்கிறேன். இல்லை, தும்மினாரோ என்னவோ.

முனி போகும்போது என்னிடம், “மீனு சூப்பர்க்கா,” என்றான்.

இன்பன்ட் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மறுபடி மீன் கேட்டான். தீர்ந்துவிட்டது என்றேன். “யாரு துன்னது?” என்றான். நிஜமாகவே கேட்டான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

போட்டிக்கு முன் ஸ்கேன் கட்டாயம் என்று தம்பியிடம் சொன்னேன். அப்படி எந்தச் சங்கமும் கேட்கவில்லை. கேட்கிற சங்கமாக இருந்தால் ஏன் இரண்டாக உடைகிறது.

மிஷினுக்குள் தோள் போகவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். “அடுப்புல பன்னு வெக்கிறா மாதிரி வெக்கிறானுங்கக்கா,” என்றான் உள்ளேயிருந்து.

ஆகஸ்ட் 12, திங்கள்

டாக்டர் சின்னப் பெண். குத்துச்சண்டை பார்க்கிற ஜாதி இல்லை. படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆறின தடம். ஒன்று பழசு, ஒன்று சமீபத்தியது.

“என்ன வேலை பார்க்கறீங்க?” என்று தம்பியைக் கேட்டார்.

“பாக்ஸிங்.”

“விட்டுடுங்க.”

பாக்குப் போடுகிறவனிடம் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தம்பி இன்னும் ஒரே ஒரு போட்டி என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இன்னொரு அடி பட்டா நீங்க எழுந்துக்காம போகலாம். எழுந்தாலும் உங்க அக்காவ உங்களுக்கு அடையாளம் தெரியாம போகலாம். எந்த அடின்னு என்னால சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகாமலும் போகலாம்,” என்றார்.

வெளியே வந்ததும் தம்பி, “ஒண்ணும் ஆவாமலும் போவலாம்னு சொல்லிச்சுல்ல,” என்றான்.

“மத்தத நீ கேக்கலயா?”

“கேட்டேன். யக்கா, பதினாறு வயசுல இருந்து அடி வாங்கிக்கினு இருக்கேன். எல்லாம் இந்த ஒரு சண்டைக்குத்தான். இத்த மட்டும் போட்டுட்டு விட்டுர்றேன். யார்கிட்டயாவது சொன்ன, வூட்ட விட்டுப் போயிடுவேன்.”

சொன்னேன். ரூஸ்வெல்ட்டிடம். வருத்தத்தோடு முழுசாகக் கேட்டார். பிறகு, “கவலப்படாதீங்க மேடம், நமக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். நல்ல சர்டிபிகேட் குடுப்பார்,” என்றார்.

வருஷம் பூராவும் ஒரு தேதி முடிக்கத் தெரியாத ஆள், இதை மட்டும் ஒரு மணி நேரத்தில் முடித்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். என் தம்பி பூரண ஆரோக்கியமாக இருக்கிறானாம். உயரம் தப்பு.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வியாசர்பாடி போனேன்.

வேதாசலம் பனியனோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடினார். நான் ஸ்கேன் படத்தை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை. “எனுக்கு எதுக்கும்மா படம்,” என்று முனியைக் கூப்பிட்டார்.

நான்தான் சொன்னேன். கோயம்புத்தூர், ரயில், வாழைப்பழம், டம்ளர், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. இத்தனை நாள் நான் எதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுதியிருக்கிறேன் என்று.

முனி எழுந்து வெளியே போனான். ஸ்கூட்டரை எட்டி உதைத்தான், அது விழுந்தது, நிமிர்த்தி வைத்தான். திரும்பி வந்தான்.

“மின்னாடியே சொல்லியிருக்கலாம்ல அக்கா. ரிங்கு பெருசா வோணும், ஏ.சி. வோணும்னு இன்னாத்துக்கு டிராமா? என்ன இன்னான்னு நெனச்ச நீ? சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பேனே.”

நான் அழவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவன் வுட மாட்டான்,” என்றான் முனி. “நான் வுடலாம். மாமா, எனுக்கு எந்தத் தோளு வலிக்குது?”

“வலது,” என்றார் வேதாசலம் யோசிக்காமல்.

“வலதுதான் என் அடியே. அது வலிக்குதுன்னா நாளைக்கி எவனும் பயப்பட மாட்டான். எடது வலிக்கட்டும்.”

எனக்குக் காபி கொடுத்தார்கள். நல்ல காபி.

செப்டம்பர் 5, வியாழன்

இடது தோளில் தசைக் கிழிசல், முனிரத்தினம் விலகல் என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது. பயந்துவிட்டான் என்று அவன் படத்துக்குக் கோழி உடம்பு ஒட்டிப் போடுகிறார்கள். கோழி கூவுகிற சத்தத்தோடு ஒரு வீடியோ, லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். புதிய சங்கம் அவன் பெல்ட்டைப் பிடுங்கிவிட்டது.

இன்பன்ட் சுவரில் ஒரு குத்து விட்டான். சுவர் எங்களுடையது. பிறகு ஒரு சேனலுக்குப் போய்ப் பேசினான். “என் வூட்ல வந்து வஞ்சிரம் துன்னுட்டுப் போனான். மீனுகூட மோதுவான், என்கூட மோத மாட்டான். கோழி.” பேட்டி எடுத்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் டிவியை அணைத்துவிட்டு சாம்பாருக்குப் பருப்புப் போட்டேன். மீன் வாங்கப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. முனிக்காக ஒன்று ஏற்றினேன். இந்து என்றாலும் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ரூஸ்வெல்ட் விடவில்லை. டிசம்பரில் ஜக்மேந்தரோடு மறுபோட்டியாம். சர்டிபிகேட் தயாராக இருக்கிறதாம். தம்பி சரி சொல்லிவிட்டான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்பன்ட் காலையில் வியாசர்பாடி கிளம்பினான். முனியின் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்கப் போகிறானாம். தடுத்துப் பார்த்தேன். நூற்றுப் பத்து கிலோவை என்ன தடுப்பது.

மத்தியானம் திரும்பினான். செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

“யக்கா, அவனுக்கு எந்தத் தோளு கிழிஞ்சிருக்குன்னு போட்டாங்க?”

“எடது.”

“அவன் தண்ணி கேன் போடுறான்ல. எதிர்ல டீக்கடையில உக்காந்து பாத்தேன். எடது தோள்ல ஒரு கேன், வலது தோள்ல ஒரு கேன். மூணாவது மாடி ஏறுறான். எறங்குறான். மறுபடி ஏறுறான்.”

நான் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கத்தில் வைத்தேன்.

“என்னப் பாத்துட்டான். கேன கீழ வெச்சிட்டுத் தோளப் புடிச்சிக்கினான். அதுவும் வலது தோள.” சிரிக்க வந்தது அவனுக்கு, சிரிக்கவில்லை. “நீ போயி சொன்னியா?”

“சொன்னேன்.”

“ஊரே அவன கோழின்றான். நானும் சொன்னேன். நீ வூட்ல உக்காந்து கேட்டுக்கினு இருந்த.”

“ஆமா.”

எழுந்து மாடிக்குப் போய்விட்டான். கதவை அறைந்து சாத்துவான் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் சாத்தினான். அது இன்னும் மோசமாக இருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

வெளியில் சாப்பிடுகிறான். என் சமையலை நானே சாப்பிட்டுக் குண்டாகிக்கொண்டிருக்கிறேன். இப்படியே போனால் அந்த பெல்ட்டுக்கு நானே போட்டியிடலாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஜக்மேந்தர் மறுபோட்டியை அறிவிக்க ரூஸ்வெல்ட் நிருபர்களைக் கூட்டியிருந்தார். நான் போகக்கூடாது என்று நினைத்தேன். கால் தானாகப் போய்விட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ரூஸ்வெல்ட் பேசினார். பட்டணம் இதுவரை கண்டிராத, இனிக் காணப்போகாத, அப்படி இப்படி. பிறகு மைக்கைத் தம்பியிடம் கொடுத்தார்.

தம்பி பெல்ட்டை மேஜை மேல் வைத்தான். எப்போது பீரோவிலிருந்து எடுத்தான் என்று எனக்குத் தெரியாது.

“முனி தோள்ல ஒண்ணும் இல்ல,” என்றான். “என் தலையிலதான் இருக்கு. ரத்தம் கசிஞ்சிருக்கு. அது தெரிஞ்சுதான் அவன் வெலகினான், எனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு. அவன நான் கோழின்னு சொன்னேன். தப்பு. இனிமே நான் ஆட மாட்டேன். டிசம்பர்லயும் ஆட மாட்டேன்.”

ரூஸ்வெல்ட் மைக்கைப் பிடித்து இழுத்தார். மைக் நகரவில்லை. மைக்கைப் பிடித்திருந்தவன் சாம்பியன் என்பதை அவர் மறந்துவிட்டார்.

“அந்த டாக்டர் சர்டிபிகேட்ட அவர்கிட்டயே கேளுங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி மைக்கை விட்டான். நிருபர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் ரூஸ்வெல்ட்டின் பக்கம் திரும்பினார்கள். அவர் அவசரமாகப் பாத்ரூமுக்குப் போனார். நான் கிளம்பும்வரை வரவில்லை.

ராத்திரி வீட்டில் சாப்பிட்டான். மூன்று தடவை சோறு வாங்கினான்.

நவம்பர் 17, ஞாயிறு

தம்பி விட்டதால் காலியான பட்டத்துக்காக முனிக்கும் ஜக்மேந்தருக்கும் போட்டி. வேறொருவர் நடத்தினார். பாதி அரங்கம் காலி. ஜனங்களுக்கு நடக்காத சண்டைதான் வேண்டியிருக்கிறது. நடக்கிற சண்டைக்கு யார் வருகிறார்கள்.

நானும் தம்பியும் மூன்றாவது வரிசை. நாற்காலியில் அவன் பாதிதான் இருந்தான், மீதி காற்றில். “எடது பக்கம் வாடா, எடது பக்கம்” என்று கத்திக்கொண்டே இருந்தான். ஒரு இடைவேளையில் வேதாசலம் மூலையிலிருந்து திரும்பி, “யோவ், நீ சும்மா இருக்க மாட்டியா?” என்றார். ஆறாவது ரவுண்டில் முனி இடது பக்கம் போனான். ஜக்மேந்தர் கொஞ்ச நேரம் எழவில்லை. எழுந்தபோது எண்ணி முடித்திருந்தார்கள். தம்பி அவன் எழுந்து நிற்கும்வரை உட்காரவில்லை. நின்ற பிறகுதான் கை தட்டினான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. அவன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான், எதையும் படிக்கவில்லை.

“நீ அன்னிக்கி வியாசர்பாடி போகலன்னா நான் முனிய ஜெயிச்சிருப்பேன். தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா போன?”

“தெரிஞ்சுதான் போனேன்.”

பஸ் வந்தது. ஏறினோம். இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்றுதான் காலியாக இருந்தது. ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு அவன் வெளிப்பக்கம் உட்கார்ந்தான். காசிமேடு வரைக்கும் சுவரோடு நசுங்கிக்கொண்டே வந்தேன். ஜன்னலும் திறக்கவில்லை.